நீட்டிய கையும் பூட்டி வைத்த கடிதங்களும்

கோரி டென் பூம் என்று ஒரு டச்சுக்கார அம்மா. கிறிஸ்தவ நண்பர்களில் நிறைய பேருக்கு இந்தப் பெயர் தெரிஞ்சிருக்கும். பிரசங்கங்களில் அடிக்கடி அடிபடற பெயர்தான். "நாஜி முகாமில் தன்னைக் காவல் காத்தவனையே மன்னிச்சாங்க, நாமும் மன்னிக்கணும், ஆமென்" என்று ரெண்டு நிமிஷத்தில் சொல்லி முடிச்சுடுவாங்க. கேட்கறவங்களுக்கு என்ன தோணும்? 'அவங்க பெரிய மகான், நமக்கு எங்கே இதெல்லாம்' என்று தோணும். அப்புறம் வீட்டுக்குப் போய், பத்து வருஷமா பேசாத தம்பிகிட்ட பதினோராவது வருஷமும் பேசாம இருப்போம்.

அந்த ரெண்டு நிமிஷக் கதையில் முக்கியமான ரெண்டு விஷயம் விட்டுப் போகுது. ஒண்ணு, அந்த மன்னிப்பு எப்படி நடந்தது என்பது. இன்னொண்ணு, அதுக்கு ரொம்ப நாள் கழிச்சு, சொந்த நண்பர்கள் பண்ணின ஒரு காரியத்தை மன்னிக்க முடியாம அதே அம்மா தூக்கம் கெட்டுத் தவிச்சது. எனக்கு ரெண்டாவதுதான் ரொம்ப முக்கியமா படுது. பதிவு கொஞ்சம் நீளம். காபியோட உட்காருங்க :-)

கடிகாரக் கடை

ஹாலந்தில் ஹார்லெம் என்கிற பழைய ஊர். அங்கே பார்டெல்யோரிஸ் தெருவில் 1837ல் கோரியின் தாத்தா ஒரு கடிகாரக் கடை ஆரம்பிச்சார். கீழே கடை, மேலே வீடு. கோரி பிறந்தது 1892 ஏப்ரல் 15. அப்பா காஸ்பர் கடிகாரம் ரிப்பேர் பண்றதில் ஊரே மதிக்கிற ஆள். மகளும் அதே தொழிலைக் கத்துக்கிட்டு, 1922ல் ஹாலந்திலேயே உரிமம் வாங்கின முதல் பெண் கடிகாரக் கலைஞர் ஆனார். கல்யாணம் பண்ணிக்கலை. அக்கா பெட்ஸியும் அப்படியே. அப்பாவும் ரெண்டு மகள்களுமா ஒரு அமைதியான வீடு.

டச்சு சீர்திருத்த சபையைச் சேர்ந்த குடும்பம். தினமும் காலையில் வேதம் வாசிச்சு ஜெபம் பண்ணாம கடை திறக்க மாட்டாங்க. இன்னொரு வழக்கமும் இருந்தது. 1844லிருந்தே, தாத்தா காலம் முதல், யூத மக்களுக்காகக் கூடி ஜெபிக்கறது. சரியா 100 வருஷம் கழிச்சு, அதே வீட்டிலிருந்து அந்தத் தாத்தாவின் மகனையும் பேரப்பிள்ளைகளையும் யூதர்களைக் காப்பாத்தின குற்றத்துக்காகப் பிடிச்சுட்டுப் போனாங்க.

சுவருக்குப் பின்னால் ஆறு பேர்

1940 மே 10ஆம் தேதி ஜெர்மனி ஹாலந்துக்குள் புகுந்தது. அஞ்சே நாளில் எல்லாம் முடிஞ்சு போச்சு. 1942ல் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கிட்டுத்தான் வெளியே வரணும்னு உத்தரவு. அப்புறம் ரயிலில் ஏத்தி அனுப்ப ஆரம்பிச்சாங்க. டென் பூம் வீட்டுக் கதவை ஒவ்வொருத்தரா தட்ட ஆரம்பிச்சதும் அந்த வருஷம்தான். அப்போ கோரிக்கு வயசு 50. அதுவரைக்கும் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் தவிர வேற எதையும் பெரிசா தொடாத ஒரு அம்மா, ரேஷன் அட்டை கடத்துறது, ஆட்களை ஒளிச்சு வைக்க வீடு பிடிக்கறது என்று ஒரு ரகசிய வலையமைப்பையே நடத்த ஆரம்பிச்சாங்க.

மாடியில் இருந்த கோரியின் படுக்கையறையில் போலியா ஒரு சுவர் எழுப்பினாங்க. அதுக்குப் பின்னால் ஆள் நெருக்கியடிச்சு நிக்கிற அளவுக்கு ஒரு சந்து. சோதனை வந்தா எத்தனை வேகமா உள்ளே நுழையறதுன்னு ஒத்திகை எல்லாம் பார்த்து வெச்சிருந்தாங்க.

1944 பிப்ரவரி 28. கோரிக்கு நல்ல காய்ச்சல். ஒரு டச்சுக்காரன் வந்து, "என் மனைவியைப் பிடிச்சுட்டாங்க, போலீஸுக்குக் கொடுக்க 600 கில்டர் வேணும்" என்று கெஞ்சினான். ஏற்பாடு பண்ணித் தர்றேன்னு சொல்லி அனுப்பினாங்க. அவன் உளவாளி. அன்னைக்கே கெஸ்டபோ வந்தாச்சு. வீட்டில் இருந்தவங்க, விவரம் தெரியாம வந்து போனவங்க என்று சுமார் 30 பேர் கைது. ஆனா சுவருக்குப் பின்னால் இருந்த ஆறு பேரைக் கண்டுபிடிக்கவே முடியலை! ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம அங்கேயே நின்னு, அப்புறம் தப்பிச்சாங்க.

அப்பா காஸ்பருக்கு அப்போ வயசு 84. 'இனிமே வம்புக்குப் போக மாட்டேன்னு சொன்னா வீட்டுக்குப் போகலாம்' என்று அதிகாரி இரக்கப்பட்டு ஒரு வாய்ப்பு கொடுத்தார். போனா, நாளைக்கு யார் கதவைத் தட்டினாலும் திறப்பேன் என்று பெரியவர் சொல்லிட்டார். பத்தே நாளில் இறந்தார். தனிச் சிறையில் இருந்த கோரிக்கு அந்தச் செய்தி பல வாரம் கழிச்சுத்தான் தெரியும்.

அக்காவும் தங்கையும்

கோரியையும் பெட்ஸியையும் முதலில் ஸ்கெவெனிங்கன் சிறை, அப்புறம் ஹாலந்திலேயே வுக்ட் என்கிற முகாமுக்குக் கொண்டு போனாங்க. காட்டிக்கொடுத்தவன் பெயர் கோரிக்கு வுக்ட்டில்தான் தெரிய வந்தது. தெரிஞ்ச நிமிஷத்திலிருந்து உடம்பெல்லாம் எரிஞ்சது. அவன் எதிரில் நின்னா கொன்னுடுவேன் என்கிற அளவுக்கு வெறி. தூங்க முடியலை, ஜெபம் பண்ண முடியலை. பக்கத்தில் படுத்திருந்த பெட்ஸி என்னடான்னா நிம்மதியா இருக்காங்க. உனக்குக் கோபமே வரலையான்னு கேட்டா, அவன் மனசு எத்தனை கஷ்டப்படும், அவனுக்காக ஜெபிக்கறேன் என்று பதில் வந்தது.

அன்னைக்கு ராத்திரி இருட்டில் கோரி யோசிச்சதை அவங்களே பின்னாளில் எழுதியிருக்காங்க. இயேசுவின் மலைப்பிரசங்கப்படி பார்த்தா, மனசுக்குள்ள கொலை பண்ணின நானும் அவனும் ஒரே நீதிபதி முன்னால்தானே நிக்கிறோம் என்று தோணியிருக்கு. அவனுக்காக ஜெபிச்சாங்க. ரொம்ப நாளுக்கப்புறம் நல்லா தூங்கினாங்க.

1944 செப்டம்பரில் ரெண்டு பேரையும் சரக்கு ரயிலில் அடைச்சு ஜெர்மனிக்கு அனுப்பினாங்க. பெர்லினுக்கு வடக்கே ராவன்ஸ்ப்ரூக். பெண்களுக்காகவே 1939ல் திறந்த முகாம். போர் முடியறதுக்குள்ள 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதுக்குள்ள போயிருக்காங்க. உள்ளே போனதும் குளியலறையில் எஸ்.எஸ். காவலர்கள் முன்னால் துணியெல்லாம் கழட்டிட்டு நிக்கணும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னால் வரும்.

ஒரு சின்ன வேதப் புத்தகத்தை எப்படியோ மறைச்சு உள்ளே கொண்டு போயிட்டாங்க. அவங்களைப் போட்ட கொட்டடி முழுக்கத் தெள்ளுப்பூச்சி. 'எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் பண்ணச் சொல்லியிருக்கே, இந்தப் பூச்சிக்கும் பண்ணு' என்கிறார் பெட்ஸி. இதெல்லாம் ரொம்ப ஓவர் என்பது கோரியின் கட்சி (நானும் அந்தக் கட்சிதான்). ஆனா அந்தக் கொட்டடிக்குள் மட்டும் காவலர்கள் நுழையறதே இல்லை. அதனால தினமும் கூடி வேதம் வாசிக்க முடிஞ்சது. காரணம் என்னன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. பூச்சிக்குப் பயந்துதான் அவங்க உள்ளே வரலை!

வேலை செய்யும்போது பெட்ஸியை ஒரு காவலாளி சாட்டையால் அடிக்க, கோரி மண்வெட்டியைத் தூக்கிட்டுப் பாயப் போனாங்க. ரத்தம் வழியற காயத்தைக் கையால் மூடிக்கிட்டு, இதைப் பார்க்காதே, இயேசுவைப் பார் என்று தடுத்தது பெட்ஸிதான். ராத்திரியில் குளிரில் நடுங்கிக்கிட்டே பெட்ஸி திட்டம் போடுவார். போர் முடிஞ்சதும் நொந்து போனவங்களுக்கு ஒரு வீடு வேணும், தோட்டத்தோட. அதோட விட்டாரா? வெறுக்கக் கத்துக் கொடுத்தே பாழாக்கப்பட்ட இந்த ஜெர்மன்காரங்களுக்கும் ஒரு இடம் வேணுமாம்.

1944 டிசம்பர் 16 அன்று பெட்ஸி இறந்தார். வயசு 59. அந்த மாசக் கடைசியில் கோரிக்கு விடுதலைச் சீட்டு வந்தது. அது ஒரு எழுத்தர் பண்ணின தவறு என்று பின்னாளில் தெரிஞ்சுக்கிட்டதா அவங்க எழுதறாங்க.

1947, ம்யூனிக்

ஊருக்குத் திரும்பின கோரி, பெட்ஸி சொன்ன வீட்டை நிஜமாவே ஆரம்பிச்சாங்க. ஹார்லெமுக்குப் பக்கத்தில் ப்ளூமெண்டால் என்கிற இடத்தில் ஒரு பெரிய மாளிகை கிடைச்சது. முகாம்களிலிருந்து திரும்பினவங்க, வருஷக்கணக்கா ஒளிஞ்சிருந்தவங்க எல்லாம் அங்கே வந்து தங்கினாங்க. காட்டிக்கொடுத்தவனுக்கு மரண தண்டனை என்று கேள்விப்பட்டு, 1945ல் அவனுக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதினாங்க. அந்த வீட்டை நடத்தினப்போ கோரி கவனிச்ச ஒரு விஷயம்: மன்னிக்க முடிஞ்சவங்க, உடம்பில் என்ன ஊனம் இருந்தாலும், மறுபடி எழுந்து நடமாட ஆரம்பிச்சாங்க. கசப்பை விடாம வளர்த்தவங்க நோயாளியாவே இருந்தாங்க. இது ஆராய்ச்சி முடிவெல்லாம் கிடையாது. கூட இருந்து சோறு போட்ட ஒருத்தர் கண்ணால் பார்த்தது.

1947ல் ம்யூனிக்கில் ஒரு தேவாலயத்தில் பேசினாங்க. கடவுள் நம்ம பாவங்களை ஆழ்கடலில் போட்டுட்டார், அங்கே மீன் பிடிக்கத் தடைன்னு பலகையும் வெச்சுட்டார் என்பது கோரிக்கு ரொம்பப் பிடிச்ச உவமை. அன்னைக்கும் அதைத்தான் சொன்னாங்க. கூட்டம் கலையற நேரம், ஒரு ஆள் எதிர்த்திசையில் அவங்களை நோக்கி வந்தான்.

பார்த்ததும் தெரிஞ்சு போச்சு. ராவன்ஸ்ப்ரூக் குளியலறை வாசலில் நின்ன காவலன்! ஒரு நொடியில் எல்லாம் கண் முன்னால் வந்தது. குவிஞ்சு கிடந்த துணிகள், அந்த வெளிச்சம், வெட்கம், எலும்பும் தோலுமா அக்கா. அவனுக்குக் கோரியை அடையாளம் தெரியலை. ஆயிரக்கணக்கில் ஒருத்தி, எப்படித் தெரியும்? இப்போ நான் கிறிஸ்தவன், கடவுள் என்னை மன்னிச்சார்னு நம்பறேன், உங்க வாயாலும் அதைக் கேட்கணும் என்று கையை நீட்டினான்.

கோரியின் கை எழும்பலை. கைப்பையை நோண்டிக்கிட்டே நிக்கறாங்க. இப்பத்தானே மேடையில் அத்தனை பேசினோம்! உள்ளே அன்பு இல்லை, இரக்கம் இல்லை, வெறும் குளிர்தான் இருந்தது. பெட்ஸி அங்கே செத்தாளே, இவன் கேட்டான் என்கிறதுக்காக அதை அழிச்சுட முடியுமா?

அந்த நேரத்தில் அவங்க பண்ணின ஜெபம் ரொம்ப எளிமையானது. 'என்னால் கையை மட்டும் தூக்க முடியும். உணர்ச்சி என்கிட்ட இல்லை, அதை நீர் கொடும்' என்பதுதான் சாரம். மரக்கட்டை மாதிரி கையை நீட்டினாங்க. அவன் கையைத் தொட்டதும் தோளிலிருந்து கை வழியா மின்சாரம் மாதிரி ஏதோ ஓடினதாகவும், அந்த ஆள் மேல் தாங்க முடியாத அன்பு பொங்கினதாகவும் எழுதறாங்க. அந்த அனுபவத்தை நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நான் கவனிக்கிறது வரிசையை. மனசு அமைதியாகி அப்புறம் கை நீளலை. கை முதலில் நீண்டது. மன்னிப்பு என்கிறது உணர்ச்சி சார்ந்த விஷயமே இல்லை, அது ஒரு தீர்மானம் என்று கோரி திரும்பத் திரும்பச் சொன்னது இதனாலதான்.

அப்புறம் நடந்தது

வழக்கமா பிரசங்கம் இங்கே முடிஞ்சுடும். நாம கொஞ்சம் தள்ளிப் போவோம்.

வருஷங்கள் ஓடிப் போச்சு. கோரி ஊர் ஊரா, நாடு நாடா போய்ப் பேசறாங்க. மொத்தம் 60 நாடுகளுக்கு மேல். அப்போ, ரொம்ப நம்பின சில கிறிஸ்தவ நண்பர்கள் ஏதோ துரோகம் பண்ணிட்டாங்க. என்னன்னு விவரம் சொல்லலை. மன்னிச்சுட்டேன்னு ஜெபம் பண்ணிட்டுப் படுத்தா, நடுராத்திரி முழிப்பு வந்துடும். அவங்க எப்படி இதைப் பண்ணலாம் என்று மறுபடி முதலிலிருந்து ஓடும். ரெண்டு வாரம் இப்படித் தூக்கம் போச்சு. சித்திரவதை முகாம் காவலனுக்குக் கை கொடுத்தவங்க!

ஒரு லூத்தரன் பாதிரியார்கிட்ட போய்ச் சொன்னாங்க. அவர் ஜன்னல் வழியா கோயில் கோபுரத்தைக் காட்டினார். மணியடிக்கிறவர் கயித்தை விட்ட பிறகும் மணி கொஞ்ச நேரம் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும், சத்தம் குறைஞ்சு குறைஞ்சு கடைசியில் நிக்கும். மன்னிக்கறதும் கயித்தை விடறது மாதிரிதான். பழைய கோபம் இன்னும் சில நாள் அடிச்சா பயப்படாதீங்க என்றார். அப்படியேதான் ஆச்சு. இன்னும் ரெண்டு மூணு ராத்திரி முழிப்பு வந்தது, அப்புறம் நின்னு போச்சு.

முடிஞ்சுதா? இல்லீங்க. ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு அமெரிக்க நண்பர் அந்த விஷயத்தைக் கேட்டார். எல்லாம் மன்னிச்சாச்சு என்கிறாங்க கோரி. அவங்க தரப்பில் ஒத்துக்கிட்டாங்களா என்று கேட்டதும், அவங்க அப்படி நடக்கவே இல்லைன்னு சாதிக்கிறாங்க, ஆனா ஆதாரம் என்கிட்ட இருக்கு, எல்லாம் கடிதத்தில் கறுப்பு வெள்ளையா இருக்கு என்று வேகமா வந்தது பதில். உங்க பாவத்தைக் கடலில் போட்டாச்சுன்னு நம்பறீங்க, அவங்க பாவத்தைக் காகிதத்தில் பத்திரமா வெச்சிருக்கீங்களே என்றார் நண்பர். அன்னைக்கு ராத்திரி அந்தக் கடிதங்களை எல்லாம் எடுத்து அடுப்பில் போட்டு எரிச்சாங்க கோரி.

எனக்கு இந்தக் கோரியைத்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு. எதிரி பண்ணின கொடுமைக்கு உலகமே சாட்சி இருந்தது. நண்பர்கள் பண்ணினதுக்குச் சாட்சி அந்தக் காகிதம் மட்டும்தான். அதையும் விட்டா, நமக்கு நடந்ததே நடக்காத மாதிரி ஆயிடுமோன்னு ஒரு பயம். சொந்த பந்தங்களோட மனஸ்தாபத்தில் நாம எல்லாரும் இப்படி ஒரு ஃபைல் வெச்சிருக்கோம். யார் எந்தக் கல்யாணத்தில் என்ன சொன்னா என்பது வரைக்கும் தேதி வாரியா :-(

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி

பெட்ஸிக்கு நடந்ததை மன்னிக்கக் கோரிக்கு என்ன உரிமை? இந்தக் கேள்வியை ஒதுக்கிட்டுப் போறது நேர்மையா இருக்காது. சைமன் வீசெந்தால் முகாமில் இருந்து பிழைச்ச யூதர். சாகக் கிடந்த ஒரு எஸ்.எஸ். வீரன், தான் யூதர்களைக் கொன்னதைச் சொல்லி, ஒரு யூதர் வாயால் மன்னிப்பு வேணும்னு அவரைக் கேட்டான். வீசெந்தால் ஒண்ணும் சொல்லாம எழுந்து வெளியே போயிட்டார். அதை 'சூரியகாந்தி' என்கிற புத்தகமா 1969ல் எழுதி, நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க என்று வாசகர்களைக் கேட்டார். செத்தவங்க சார்பில் மன்னிக்க உயிரோட இருக்கறவங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது யூத மரபில் ஆழமா ஊறின நிலைப்பாடு. அதில் நியாயம் இல்லைன்னு யார் சொல்ல முடியும்?

கோரி அழிச்சது தன் கணக்கை. செத்த மத்தவங்க கணக்கை அவங்க தொடலை, தொடவும் முடியாது. மன்னிச்சா சட்டம் வேலை செய்யக் கூடாதுன்னும் இல்லை. ராவன்ஸ்ப்ரூக் அதிகாரிகள், காவலர்கள் மேல் ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் நடத்தின முதல் வழக்கில் 1947 பிப்ரவரியில் 11 பேருக்கு மரண தண்டனை விதிச்சாங்க. அதே வருஷம்தான் ம்யூனிக் சம்பவமும். நீதிமன்றம் அதன் வேலையைப் பார்த்தது. கோரியின் வேலை தன் மனசைப் பார்த்துக்கறது.

இன்னொண்ணும் சொல்லணும். அடிபட்டவங்களைப் பார்த்து, "கோரியே மன்னிச்சாங்க, உனக்கென்ன?" என்று கேட்கறது ரொம்பத் தப்பு. கோரிகிட்ட யாரும் அப்படிக் கேட்கலை. அடிக்கிற புருஷன்கிட்ட திரும்பிப் போன்னு ஒரு பொண்ணைத் தள்ளறதுக்கு இந்தக் கதையைப் பயன்படுத்தினா, அது இந்தம்மாவுக்குப் பண்ற அவமரியாதை. காவலன் கை நீட்டினபோது முகாம் மூடியாச்சு என்பதை மறந்துடக் கூடாது.

கடைசி அஞ்சு வருஷம்

1967ல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம் கோரியை கௌரவிச்சது. 1971ல் ஷெரில் தம்பதியோட சேர்ந்து எழுதின 'ஒளிவிடம்' என்கிற அர்த்தம் வர்ற ஆங்கிலப் புத்தகம் வந்து, 1975ல் படமும் ஆச்சு. 1978ல் பக்கவாதம். உலகம் பூரா பேசின அம்மாவுக்குப் பேச்சு போச்சு. அஞ்சு வருஷம் கிட்டத்தட்ட மௌனமா இருந்து, 1983 ஏப்ரல் 15ல், சரியா 91ஆவது பிறந்த நாளன்னைக்கு கலிபோர்னியாவில் இறந்தாங்க. ஹார்லெமில் அந்தக் கடிகாரக் கடை வீடு இப்போ அருங்காட்சியகம். சுவரில் ஒரு ஓட்டை போட்டு, உள்ளே இருக்கிற சந்தைப் பார்க்கிற மாதிரி வெச்சிருக்காங்க.

விசுவாசம் இருந்தா மனசு வலிக்காதுன்னு கோரி ஒரு நாளும் சொல்லலை. வலிச்சது, திரும்பத் திரும்ப வலிச்சது. ஒவ்வொரு தடவையும் தன்கிட்ட இல்லாததைக் கேட்டு வாங்கிக்க அவங்களுக்கு ஒரு இடம் இருந்தது, அவ்வளவுதான். கிறிஸ்தவ நம்பிக்கையில் அந்த இடம் சிலுவையடி. மத்தவங்க அதை வேற பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

நீங்க என்ன நினைக்கிறீங்க? வீசெந்தால் கட்சியா, கோரி கட்சியா? பின்னூட்டத்தில் சொல்லுங்க. கடிதக் கட்டு ஏதாவது வெச்சிருந்தா, அதை என்ன பண்றதுன்னு என்னைக் கேட்காதீங்க. ஆனா மணி ரொம்ப நாளா அடிச்சுக்கிட்டே இருந்தா, கயிறு இன்னும் கையில் இருக்கான்னு மட்டும் ஒரு தடவை பார்த்துக்கங்க.